கடல் தாண்டும் அமானிதம்

வாணிபம் நம் சமுதாயத்திற்குப் புதிய தொழிலன்று. பொருநை கடலொடு கலக்கும் தென்பாண்டிக் கரையில், கொற்கையில் முத்துக் குளித்த நாள் முதலாகக் கடல் வணிகம் நடந்து வந்திருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழியே வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயல் துறையில் வந்து நின்றதைத் தம் பயண நூலிலே குறித்துள்ளார். உயிருள்ள குதிரையைப் பல நாட்கள் அலைகடலில் கொண்டு வந்து, கால் ஒடியாமல் கரையிறக்குவது எளிய காரியமா? வரலாற்று நூல்களிலே அக்குதிரைகளின் விலை பேசப்படும் அளவுக்கு, அவற்றைக் கட்டிய கயிறு பேசப்படுவதில்லை. அந்தக் கயிற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

மதரஸாவுக்கு மூன்று நாள் விடுமுறை கிடைத்தபோது தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் அங்கே ஏற்றுமதிக் கிட்டங்கி ஒன்றின் மேலாளராக இருக்கின்றார். "ஹஜ்ரத், ஒருமுறை வந்து பாருங்கள். நீங்கள் கிதாபிலே சொல்லிக் கொடுத்தது இங்கே இரும்புப் பெட்டிக்குள் நடக்கின்றது" என்று பல முறை அழைத்திருந்தார். அவர் சொன்னதன் பொருள் அங்கே போன பின்னரே எனக்கு விளங்கிற்று.

நெல்லையிலிருந்து பேருந்தில் சென்றால், நகரை நெருங்கும்போதே உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கும். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள். மழைக்காலம் வருமுன் அவற்றின்மேல் ஓலை வேய்ந்து மூடுவார்கள். மழையும் ஈரமுமே இந்த ஊரின் பகை என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடுகின்றது.

பழைய துறைமுகம்

முதலில் மாணவர் என்னைப் பழைய துறைமுகத்திற்கே அழைத்துச் சென்றார். 1906-இல் வ.உ.சிதம்பரனார் இவ்வூரிலிருந்துதான் கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விடும் முயற்சியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியில் ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் பெருந்தொகைக்குப் பங்குகள் வாங்கி ஆதரவளித்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். புதிய துறைமுகம் 1974-இல் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. 2011-இல் அதற்கு வ.உ.சி.யின் பெயரே சூட்டப்பட்டது.

பழைய துறையில் தோணிகள் நின்றன. மரத்தால் ஆன இந்தத் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறி, சிமெண்டு, வீடு கட்டும் பொருள்கள் முதலியவற்றைக் கொண்டு செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்குமாதலால் அவை கரையிலேயே ஓய்ந்திருக்கும். தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். நாங்கள் பார்த்த தோணியின் தண்டல், சாமான் ஏற்றுவதைத் தாமே நின்று மேற்பார்வையிட்டுக் கொண்டிருந்தார். கனமான சிமெண்டு மூடைகள் அடியில், அதன்மேல் பலகை, வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமான இடத்தில், தக்காளிக் கூடைகளின் மேல் எதையும் ஏற்றுவதில்லை. மூடைக்கும் மூடைக்கும் நடுவே இடைவெளி கண்டால் உடனே அதில் ஏதேனும் ஒன்றைத் திணிக்கச் சொன்னார்.

"இடம் வீணாகக் கூடாது என்பதற்காகவா?" என்று கேட்டேன்.

"இல்லை பாய். இடம் இருந்தால் சரக்கு நகரும். சரக்கு நகர்ந்தால் தோணி சாயும்" என்றார் அவர்.

பின்னர் நான் பார்த்த பெரிய கண்டெய்னர்களுக்கும் இதே விதிதான். அமெரிக்காவின் மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து உலக வாணிபம் இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. முன்பு தண்டலின் கண்ணெதிரே நடந்த அடுக்குமானம் இன்று கரையிலேயே, ஏதோ ஒரு கிட்டங்கியில், பூட்டிய கதவுக்குப் பின்னே முடிந்துவிடுகின்றது. கப்பல் தலைவர் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கின்றது, எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றது என்பதற்கு அடுக்கியவரின் சொல்லே சாட்சி.

கிட்டங்கியில்

மாணவர் பணிபுரியும் கிட்டங்கியில் அன்று அவுரி இலை ஏற்றுமதிக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்றும், யூனானி ஹக்கீம்கள் சன்னாமக்கி என்றும் கூறும் மலமிளக்கி மூலிகையே இது. மக்கா நகரின் பெயரைத் தன்னுடன் சுமந்திருக்கும் இந்த இலை, நெல்லை, தூத்துக்குடிச் சீமையின் செம்மண்ணிலும் கரிசலிலும் விளைந்து, "திருநெல்வேலி சென்னா" என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றது. ஜெர்மனி முதலிய நாடுகளின் மருந்து நிறுவனங்கள் இதனை வாங்குகின்றன. அன்றைய சரக்கு ஹாம்பர்க் துறைமுகத்திற்கு.

காய்ந்த இலை பச்சை மாறாமல் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ஈரம் பட்டால் கறுக்கும், பூசணம் பூக்கும். உணவுக்கும் மருந்துக்கும் போகும் பொருளில் பூசணம் என்றால் அங்குள்ள அதிகாரிகள் ஒரு மூட்டையை மட்டும் கழித்துவிட்டு மற்றதை ஏற்பதில்லை. மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரலாம்.

கிட்டங்கியின் ஒரு புறத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அமர்ந்து இலையைப் புடைத்துக் காம்பும் கல்லும் நீக்கிக் கொண்டிருந்தனர். மறுபுறத்தில் இலையை இயந்திரத்தால் அழுத்திச் சதுரப் பொதிகளாக்கிக் கோணி ஊசியால் தைத்தனர். மூத்த பெண்மணி ஒருவர் தைப்பதற்கு முன் ஒவ்வொரு பொதியினுள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். ஈரம் அளக்கும் கருவி மேசைமேல் இருந்தது. இருந்தும் மாணவர் சொன்னார்: "கருவி காட்டும் எண்ணையும் எழுதிக்கொள்வோம் ஹஜ்ரத். ஆனால் அக்கா கை வைத்து வேண்டாம் என்று சொன்ன பொதி இங்கிருந்து வெளியே போகாது."

அன்று காலையில் அவர் நான்கு பொதிகளை ஒதுக்கி வைத்திருந்தார். மேலே நன்றாகவே இருந்தன. நடுவில்தான் குளிர்ச்சி தட்டியதாம். அவற்றைப் பிரித்து மீண்டும் களத்தில் உலர்த்தப் பரப்பியிருந்தனர்.

இருட்டில் ஒரு சோதனை

லுஹர் தொழுது வந்த வேளையில் டிரெய்லர் லாரி ஒன்று 20 அடிக் கண்டெய்னருடன் வந்து நின்றது. இதன் உட்புறம் ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளமும் 2.35 மீட்டர் அகலமும் 2.39 மீட்டர் உயரமும் கொண்டது. சரக்கை ஏற்றத் தொடங்குமுன் மாணவர் பெட்டியை ஆராய்ந்தார். வெளிப்புறம், கதவுகள், இடப்பக்கம், வலப்பக்கம், முன்சுவர், கூரை, தரை என ஏழிடமும் பார்க்கவேண்டுமாம். தரைப் பலகையில் எண்ணெய்க் கறை உண்டா, முன்பு ஏற்றிய மிளகாய் அல்லது இரசாயனப் பொருளின் வாடை மிச்சமிருக்கின்றதா, கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்துள்ளதா என்று ஒவ்வொன்றாக நோக்கினார். இலை, தேயிலை, மாவு போன்றவை அடுத்த பொருளின் வாடையை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பது இல்லத்தரசியர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பின்பு என்னையும் உள்ளே அழைத்துச் சென்று கதவை வெளியிலிருந்து மூடச் சொன்னார். கும்மிருட்டு. வெக்கையில் வியர்த்துக் கொட்டியது. "கொஞ்சம் பொறுங்கள் ஹஜ்ரத், கண் பழகட்டும்" என்றார். சற்று நேரத்தில் கூரையின் ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. பகல் வெளிச்சம் நுழையும் இடத்தில் மழையும் கடல்நீரும் நுழையும். இதற்கு ஒளிச்சோதனை என்று பெயர்.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் மாணவர் அந்தப் பெட்டி வேண்டாம் என்றார். லாரி ஓட்டுநர் விடவில்லை. "அண்ணாச்சி, ஊசி ஓட்டைதானே? மேலே ஏறி டேப் ஒட்டிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்குள் துறைமுக வாசலுக்குப் பெட்டி போகாவிட்டால் கப்பல் போய்விடும்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கப்பலைத் தவறவிட்டால் ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். கிட்டங்கிக்கு வாடகை ஏறும். வாங்குபவர் தாமதத்திற்காகத் தொகையைக் குறைக்கக் கூடும். சுமை தூக்கும் தொழிலாளர் எட்டுப் பேரும் கூலி என்னாகுமோ என்ற கவலையுடன் நின்றனர்.

மாணவர் சற்றுத் தள்ளிச் சென்று முதலாளிக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். மறுமுனையில் கோபக்குரல் எழுந்தது எனக்கும் கேட்டது. இவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் ஏற்றச் சொன்னால் வேறொருவரைக் கொண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டி நன்றாக இருக்கின்றது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். சிறிது நேரம் மௌனம். பிறகு மாற்றுப் பெட்டிக்கு உத்தரவு கிடைத்தது.

அந்தப் பெட்டி அஸர் தொழுகைக்குப் பின்னரே வந்தது. அதுவரை தொழிலாளர் எவரும் வீட்டுக்குப் போகவில்லை. அதன்பின் அவர்கள் வேலை செய்த வேகத்தை என் கண்ணால் கண்டேன்.

பெட்டிக்குள் பெய்யும் மழை

ஓட்டையே இல்லாத பெட்டிக்குள்ளும் மழை பெய்யும் என்றால் வாசகர் வியப்பீர்கள். சோற்றுப் பானையின் மூடியை எடுத்துப் பாருங்கள். அதன் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். இலையிலும் அட்டையிலும் மரத்திலும் சிறிதளவு ஈரம் எப்போதும் உண்டு. பகல் வெயிலில் பெட்டி சூடேறும்போது அந்த ஈரம் காற்றில் கலக்கின்றது. இரவிலோ, கப்பல் குளிர்நாட்டுக் கடலில் நுழையும்போதோ இரும்புக் கூரை குளிர, அந்த ஈரம் நீராக மாறிச் சரக்கின் மேல் சொட்டுகின்றது.

இதற்கு மாற்று என்ன? பெட்டியின் உட்புறம் முழுவதும் பழுப்புநிறக் கிராஃப்ட் காகிதம் ஒட்டினர். பக்கச் சுவர்களின் வளையங்களில் கால்சியம் குளோரைடு அடங்கிய பைகளைத் தொங்கவிட்டனர். காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது கூழாகிவிடும். புதிய காலணிப் பெட்டியில் காணும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் அண்ணன் என்று அதனைச் சொல்லலாம். ஆனால் பொதியே ஈரமாக இருந்தால் இப்பைகளால் பயனில்லை. அந்த மூத்த பெண்மணியின் கை முதலில் சரியாக இருக்கவேண்டும்.

தூத்துக்குடிப் பெட்டிகள் பலவும் முதலில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. லாரியிலிருந்து துறைமுக முற்றத்திற்கு, முற்றத்திலிருந்து கப்பலுக்கு, கொழும்பில் இறக்கி மீண்டும் ஏற்ற, ஹாம்பர்க்கில் இறக்க என்று ஒரு பெட்டி எத்தனை முறை அந்தரத்தில் தொங்குகின்றது என மாணவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின்னர், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பலவும் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. கணக்குப் போட்டு வைத்த ஈரம் உறிஞ்சும் பைகள் அந்தக் கூடுதல் நாட்களுக்குப் போதாமல் போனதும் உண்டு என்றார். எங்கோ நடக்கும் போருக்கும் நம்மூர்க் கிட்டங்கியில் தொங்கும் பைக்கும் உள்ள தொடர்பை எண்ணி வியந்தேன்.

மரத்தில் ஒரு முத்திரை

பொதிகளுக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும், நம் நாட்டைக் குறிக்கும் எழுத்துகளும் சுட்டெரித்துப் பதிக்கப்பட்டிருந்தன. பச்சை மரத்துக்குள் புழுவும் வண்டும் ஒளிந்து பயணம் செய்யும். சீனாவிலிருந்து சென்ற மரப்பெட்டிகள் வழியே அமெரிக்காவில் நுழைந்த நீண்ட கொம்புடைய ஒருவகை வண்டு 1996-இல் நியூயார்க் நகரில் கண்டறியப்பட்டது. அதனை ஒழிப்பதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டவேண்டியதாயிற்று. 2002-இல் இதற்கென உலக விதி ஒன்று வகுக்கப்பட்டது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டி, 30 நிமிடம் நிலைத்திருக்கவேண்டும். அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் புழு கொல்லப்படவேண்டும். அதற்கு அத்தாட்சியே அந்த முத்திரை. ஒட்டுப்பலகைக்கு இவ்விதி இல்லை. அதனைச் செய்யும்போதே பசையும் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்துவிடுகின்றன.

சிறு வணிகர் சிலர் விலை மலிவு என்று முத்திரையில்லாத தட்டுகளை வாங்கி அனுப்பிவிடுகின்றனர். உள்ளிருக்கும் சரக்கு எத்துணை உயர்ந்ததாயினும், தட்டின் பொருட்டு அது அக்கரையில் தடுத்து நிறுத்தப்படும்.

அடுக்குவதும் கட்டுவதும்

அடுத்த அறையில் அட்டைப்பெட்டிகளில் துணி அடுக்கிக் கொண்டிருந்தனர். ஓர் அட்டைப்பெட்டியின் வலிமையிற் பெரும்பகுதி அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கின்றது. ஆகவே கனமான பெட்டிகளை மூலைக்கு மேல் மூலை பொருந்துமாறு நேராக அடுக்கவேண்டும். செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது என்று நாம் நினைப்போம். ஆனால் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் அமர்ந்து அதனை நசுக்கிவிடும். ஈரக்காற்றில் அட்டை மேலும் தளரும். ஆகவே மூன்றடுக்கு அட்டை போதுமா, ஐந்தடுக்கா, ஏழடுக்கா என்பதைப் பெட்டியின் எடையை மட்டுமன்றி, அதன்மேல் எத்தனை பெட்டிகள் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் பார்த்தே முடிவு செய்கின்றனர்.

கண்டெய்னரில் எடையைச் சமமாகப் பரப்புவதும் ஒரு கடமை. மொத்த எடையில் 60 விழுக்காட்டிற்கு மேல் பெட்டியின் ஒரு பாதியில் விழக்கூடாது. இடைவெளிகளில் காற்றடைத்த பைகளை வைத்து நிரப்பினர். இறுதியாகக் கதவருகே மரக்குறுக்குச் சட்டங்களை அடித்து வலை கட்டினர்.

"கதவைத்தான் பூட்டப் போகின்றீர்களே, இது எதற்கு?" என்றேன்.

"கதவைத் திறக்கும் மனிதருக்காக" என்றார் மாணவர். கடலில் ஆடி ஆடிச் சரக்கு கதவின்மேல் சாய்ந்திருக்கும். அக்கரையில் ஒருவர் தாழைத் திருப்பியவுடன் பொதிகள் அவர்மேல் சரியும். இவ்வாறு அடிபட்டோரும் உயிரிழந்தோரும் உண்டு. இவர் அவரைப் பார்த்ததில்லை; பார்க்கப் போவதும் இல்லை. அவர் பெயரும் மொழியும் மதமும் இவருக்குத் தெரியாது. எனினும் அவருக்காக இங்கே நான்கு ஆணிகள் கூடுதலாக அடிக்கப்படுகின்றன.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடலாமா என்று வினவிய மனிதருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தியை நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கின்றோம். அதற்கு இதைவிடச் சிறந்த விரிவுரையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எடையைப் பொய்யாக எழுதுவதும் உயிரோடு விளையாடுவதே. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் புயலில் சிக்கி உடல் பிளந்த "எம்.எஸ்.சி. நெப்போலி" என்ற கப்பலின் 26 மாலுமிகளும் அல்லாஹ்வின் அருளால் மீட்கப்பட்டனர். கப்பலின் உடல் வலிமைக் குறையே விபத்தின் முதன்மைக் காரணம். ஆயினும், தளத்தின்மேல் நனையாதிருந்த ஏறத்தாழ 660 பெட்டிகளை எடை போட்டபோது, 137 பெட்டிகளின் எடை தாளில் எழுதியதற்கு 3 டன்னுக்கும் மேல் மாறுபட்டிருந்தது. பின்னர் 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையைத் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் ஓர் அத்தியாயமே அருள்மறையில் இருப்பதை நாம் அறிவோம்.

படங்களின் மொழி

அட்டைப்பெட்டிகளின்மேல் சில படங்கள் அச்சிடப்பட்டிருந்தன. கண்ணாடிக் கோப்பை என்றால் உடையும் பொருள். குடை என்றால் நனைக்காதே. மேல்நோக்கிய இரண்டு அம்புகள் என்றால் இப்பக்கம் மேலே. குறுக்குக் கோடிட்ட கொக்கி என்றால் கொக்கி போட்டு இழுக்காதே. தூத்துக்குடியில் தமிழரும் கொழும்பில் சிங்களவரும் ஹாம்பர்க்கில் ஜெர்மானியரும் துருக்கியரும் தொடும் பெட்டிக்கு எந்த மொழியில் எழுதுவது? ஆகவே இந்தப் படங்களை உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ளது.

அபாயமான படமும் ஒன்றுண்டு. பூச்சிகளைக் கொல்ல நச்சுப் புகை ஏற்றிய பெட்டியின் கதவில் மண்டையோட்டுச் சின்னமும், புகை ஏற்றிய நாளும் ஒட்டப்படவேண்டும். காற்றோட்டம் கொடுக்காமல் உள்ளே நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தத் தாளை ஒட்ட மறப்பது சிறிய மறதியன்று.

பொருளைக் காக்க வைத்ததே மனிதரைத் தாக்கிய வரலாறும் உண்டு. சீனாவில் செய்யப்பட்ட தோல் சோபாக்களில் பூசணம் பிடிக்காதிருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்னும் வேதிப்பொருள் அடங்கிய பொட்டலங்களை வைத்து அனுப்பினர். அவற்றில் அமர்ந்த ஐரோப்பியக் குடும்பங்கள் பலவற்றில் தோல் வெந்து புண்ணாயிற்று. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பொருள் கலந்த சரக்குகளைத் தடை செய்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் தொழிலில் நெடுங்காலமாக ஊன்றியுள்ள நம் மக்கள் இதனை நினைவில் கொள்ளல் நலம்.

காப்பீடு செய்துவிட்டோமே என்று அலட்சியமாக இருக்கவும் வழியில்லை. கடல் சரக்குக் காப்பீட்டின் வழக்கமான விதிகளிலே, போதாத சிப்பங்கட்டலால் நேரும் இழப்புக்கு ஈடு கிடையாது.

நம் வீட்டுப் பொட்டலங்கள்

ஏற்றுமதி வணிகர்க்கு மட்டும் உரிய செய்தி இது என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். துபையிலும் ரியாத்திலும் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாயும் முறுக்கும் அனுப்பாத வீடு நம்மில் எத்தனை? அந்தக் கிட்டங்கியில் கற்றவற்றுள் நமக்கு உதவுவன சில உண்டு. ஊறுகாய்ப் புட்டியின் வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகி, தனிப் பையில் கட்டி, துணிகளின் நடுவில் வையுங்கள்; பெட்டியின் ஓரத்தில் வைக்காதீர்கள். கண்ணாடிப் பொருளுக்குப் பெட்டிக்குள் பெட்டி வைத்து நடுவில் காகிதத்தைத் திணியுங்கள். மூடிய பெட்டியை அசைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டால் மீண்டும் பிரித்து அடுக்குங்கள். முகவரியை வெளியில் மட்டுமன்றி உள்ளேயும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அறியாமல் வைத்தாலும் சிறைவாசம் வரை கொண்டு செல்லக் கூடியது. அவ்வாறே, ஊருக்குப் போகும் பிள்ளையிடம் "இதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்று எவரேனும் ஒட்டிய பொட்டலத்தைக் கொடுத்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொடுப்பவர் உறவினராயினும் அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள். மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் வாழ்வு பெரிது. மருந்து கொண்டுசெல்வோர் மருத்துவர் சீட்டையும் உடன் வைத்துக்கொள்வதும், அந்நாட்டில் அம்மருந்துக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிவதும் அவசியம்.

அடியிலிருக்கும் தானியம்

மாலை மயங்கும் வேளையில் கண்டெய்னரின் கதவுகள் சாத்தப்பட்டு, எண் பொறித்த சீல் அடிக்கப்பட்டது. வெட்டினாலன்றி அதனைத் திறக்க முடியாது. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு ஓட்டுநர் புறப்பட்டார். துறைமுக வாயிலை எட்டு மணிக்குச் சற்று முன்னர்ப் பெட்டி கடந்துவிட்டது என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது, தொழிலாளர்கள் தேநீர் அருந்திக் கொண்டிருந்தனர். முதலாளி மீண்டும் பேசினார். மாணவரைப் பாராட்டியதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது லாரியின் வாடகையைப் பற்றித்தான் கேட்டார். மாணவரும் அதற்கு மட்டும் விடை சொன்னார்.

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றம்.

இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகின்றேன். கடைவீதியில் வாங்குபவர் எதிரே நிற்கின்றார், கையை விட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். கண்டெய்னரிலோ வாங்குபவர் ஏழு கடலுக்கு அப்பால் இருக்கின்றார். குவியலின் அடிப்பகுதியை அறிந்தவன் அடுக்குபவன் மட்டுமே. அவனையும் அறிந்தவன் அல்லாஹ். அதனால்தான் சரக்கு அமானிதமாகின்றது. பணம் கைக்கு வந்தபின்பும், சீல் அடித்தபின்பும், கப்பல் கண்ணுக்கு மறைந்தபின்பும் அந்தப் பொறுப்பு தீர்வதில்லை.

நம் இளைஞர்களில் வாணிபத்தில் இறங்க விரும்புவோர் பலர் உள்ளனர். விலை பேசவும் கணக்கு எழுதவும் அவர்களுக்குக் கற்றுத்தர ஆளுண்டு. ஏற்றுமதித் துறையில் கால் வைக்குமுன் அவர்கள் ஒரு மாதமேனும் ஒரு கிட்டங்கியில் நின்று, பொதி தைப்பதையும் பெட்டி அடுக்குவதையும் கண்ணால் காணவேண்டும் என்பது என் வேண்டுகோள். அங்கே கோணி ஊசியுடன் அமர்ந்திருக்கும் மூத்த பெண்மணிகளிடம் உட்கார்ந்து பாடம் கேட்டால், பல நூல்களில் கிடைக்காத அறிவு கிடைக்கும். வல்ல இறைவன் நம் தொழில்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.